வாயை மட்டும் அசை

பங்குக்குருவின் வாழ்வில் எதிர்பாராமல் வந்து சேரும் பணிகள் பல. ஆலயத்தின் கூரை ஒழுகினால் கொத்தனாராகவும், கணவன் மனைவி பிணக்கில் வழக்குரைஞராகவும், திருவிழாக் கணக்கில் தணிக்கையாளராகவும் நின்று பழகியவர்தாம் நாம். ஆயினும் 2023ஆம் ஆண்டு திருவருகைக் காலத்தில் ஏரலில் நமக்கு வாய்த்த பணி இவற்றுள் எதிலும் சேராதது. நாம் பாட்டு வாத்தியார் ஆனோம்.

நடந்தது இதுதான். நம் பங்கின் பாடகற்குழுவை ஏறக்குறைய இருபது ஆண்டுகளாக நடத்தி வருபவர் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர். பிள்ளைகளுக்கு அவர் ‘மாஸ்டர்’. நவம்பர் 22ஆம் நாள், பாடகர்களின் பாதுகாவலியான புனித செசிலியம்மாளின் திருநாளைப் பிள்ளைகளோடு கொண்டாடிய அவருக்கு, அடுத்த வாரமே குடலிறக்க அறுவை சிகிச்சை நடந்தது. ஒன்றரை மாதம் உரத்துப் பாடக் கூடாது, ஆர்மோனியப் பெட்டியைத் தூக்கவே கூடாது என்று மருத்துவர் கட்டளையிட்டுவிட்டார். கிறிஸ்து பிறப்புத் திருவிழாவோ நெருங்கிக்கொண்டிருந்தது. பார்க்கச் சென்ற நம் கையைப் பிடித்துக்கொண்டு, “சாமி, பிள்ளைகளை விட்டுராதீங்க. நீங்கதான் குருமடத்துல படிச்சவங்களாச்சே” என்றார் மாஸ்டர்.

குருமடத்தில் படித்தது உண்மை. ஆனால் பாட்டைப் பொறுத்தவரை அங்கே நாம் படித்தது வேறொரு பாடம். அதை முதலில் சொல்லிவிடுவது நல்லது. குருப்பட்டத்துக்கு முந்தைய ஆண்டுகளில் ஒரு பெருவிழாவுக்காகப் பாடல் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. ஐம்பது மாணவர் நடுவே நாமும் தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருந்தோம். பாடல் பயிற்றிய தந்தை கையை உயர்த்திப் பாட்டை நிறுத்தினார். வரிசை வரிசையாகக் காது கொடுத்துக்கொண்டே வந்து நம் முன்னே நின்றார். “தம்பி, நீர் வாயை மட்டும் அசையும்” என்றார். எல்லாரும் சிரித்தனர், நாமும் சிரித்தோம். அன்று தொடங்கி முப்பது ஆண்டுகள், கூட்டத்தில் நாம் வாயை மட்டுமே அசைத்து வந்தோம். பலிபீடத்தில் நிற்கும்போதும் தொடக்கவுரையைப் பாடாமல் வாசித்தே முடித்துவிடுவோம். “நம்ம சாமி பூசையைச் சீக்கிரம் முடிச்சிருவாங்க” என்று மக்கள் பாராட்டியதன் மறைபொருள் இதுவே.

அத்தகைய நம்மிடம் 23 பிள்ளைகள் வந்து நின்றனர்; பெண்பிள்ளைகள் பதினைவர், ஆண்பிள்ளைகள் எண்மர். திருச்சபையின் வரலாற்றை நினைத்தால் இவ்வெண்ணிக்கையே ஒரு வேடிக்கை. புனித பத்தாம் பத்திநாதர் 1903ஆம் ஆண்டு இதே செசிலியம்மாள் திருநாளில் திருஇசை பற்றி வெளியிட்ட ஆணையில், ஆலயப் பாடகர் ஆற்றுவது திருவழிபாட்டுப் பணியாதலால் பெண்கள் அதில் சேரலாகாது, உயர்ந்த குரலுக்குச் சிறுவரைச் சேர்த்துக்கொள்க என்று குறித்தார். பின்னர் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963ஆம் ஆண்டு திருவழிபாட்டுச் சாசனத்தில், பாட்டு மக்கள் அனைவருக்கும் உரியது என்று கதவை அகலத் திறந்துவிட்டது. இன்று பெண்பிள்ளைகள் இல்லையேல் நம் பங்குகளில் பாட்டே இல்லை.

முதல் நாள் மாலை. ஆயத்தம் செய்யாமல் வகுப்புக்குப் போகலாகாது என்பது குருமடத்துப் பழக்கம். ஆகவே அலமாரியிலிருந்து ஆபிரகாம் பண்டிதரின் ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் நூலை எடுத்து மேசைமேல் வைத்திருந்தோம். நம் தென்பாண்டிச் சீமையின் சாம்பவர் வடகரையில் பிறந்து, தஞ்சையில் மருத்துவராக வாழ்ந்து, தமிழிசையை ஆராய்ந்து 1917இல் அவர் வெளியிட்ட பெருநூல் அது. ஆயிரம் பக்கங்களைத் தாண்டும். இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அதைக் கண்டு கண்களை அகல விரித்தாள். “சாமி, கிறிஸ்மசுக்குள்ள இம்புட்டையும் பாடணுமா?” என்றாள். நூலை மெல்ல எடுத்து அலமாரியில் வைத்துவிட்டோம்.

அடுத்து ஆர்மோனியம். பெட்டியின் முன் அமர்ந்து, சிலுவை அடையாளம் வரைந்து, வலக்கையால் கட்டையை அழுத்தினோம். ஒலி இல்லை. இன்னும் அழுத்தினோம். இல்லை. பிள்ளைகள் மிக்க மரியாதையோடு காத்திருந்தனர். இறுதியில் பின்வரிசையிலிருந்து ஒரு குரல், “சாமி, துருத்திக் கொக்கியை எடுத்துட்டு, முன்னால உள்ள குமிழையும் இழுக்கணும்” என்றது. அவ்வாறே செய்தோம். பெட்டி திடீரென்று உயிர்பெற்று அலறியது. முன்வரிசையில் இருந்த இரு சிறுவர் காதைப் பொத்திக்கொண்டனர்.

பிறகு பாட்டைத் தொடங்கிக் கொடுத்தோம். முதல் அடியிலேயே பிள்ளைகளின் கழுத்து நரம்புகள் புடைத்தன. இரண்டாம் அடியில் பாதிப்பேர் நின்றுவிட்டனர். காரணம் கேட்டோம். மாஸ்டரின் வலக்கை என்று பெயர் பெற்ற பத்தாம் வகுப்புப் பெண், நம் மனம் நோகாதபடி சொற்களைத் தேர்ந்து, “மாஸ்டர் ரெண்டு கட்டையில எடுப்பாங்க சாமி. நீங்க எடுத்தது... கொஞ்சம் கூட” என்றாள். பக்கத்தில் நின்ற சிறுவனுக்கு அவ்வளவு நயம் போதவில்லை. “சாமி எடுத்தது தூத்துக்குடி வரைக்கும் கேக்கும்” என்றான்.

அன்றைய வகுப்பு முடிந்தும் ஒருவரும் எழவில்லை. ஐந்து நிமிடம் சென்றபின் ஒரு குட்டிப் பெண் எழுந்து, “பாட்டு முடிஞ்சா தொண்டைக்கு இனிப்பு போடணும் சாமி. டாக்டரே சொல்லியிருக்காவளாம்” என்றாள். எந்த மருத்துவர் என்று விசாரித்ததில், மாஸ்டர் நாள்தோறும் ஆளுக்கொரு கோவில்பட்டிக் கடலைமிட்டாய் கொடுத்து வந்தது தெரிந்தது. மறுநாள் முதல் அச்செலவும் பங்குக் கணக்கில் ஏறிற்று.

நாளாக நாளாக, நாம் அவர்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்ததைவிட அவர்கள் நமக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுத்ததே மிகுதியாயிற்று. திருவருகைக் காலத்தில் ஞாயிறு திருப்பலியில் வானவர் கீதம் பாடுவதில்லை என்பதை நீங்கள் அறிவீர்கள். ‘ஏன் சாமி?’ என்று கேட்டனர். எதிர்பார்ப்பின் காலம், தவத்தின் சாயல், பெத்லகேம் இரவில் வானதூதர் முதன்முதல் பாடிய கீதத்தைத் திருவிழா இரவில் புதிதாகக் கேட்கவேண்டும் என்னும் திருச்சபையின் கருத்து என நாம் கால்மணி நேரம் விளக்கினோம். முகங்களில் தெளிவு தோன்றவில்லை. அப்போது கருணாமிர்த சாகரத்தைக் கண்டு அஞ்சிய அதே சிறுமி மற்றவர்களைத் திரும்பிப் பார்த்து, “எங்கம்மா முறுக்கும் முந்திரிக்கொத்தும் சுட்டு டின்னுல போட்டு மேல வச்சிருவா. கிறிஸ்மஸ் அன்னைக்குத்தான் இறக்குவா. அதான்” என்றாள். “ஓ!” என்றனர் எல்லாரும். நம் இறையியல் அதற்குமேல் தேவைப்படவில்லை.

இன்னொரு நாள், ‘தூயவர்’ பாடும்போது ஏதோ ஒரு சொல் இடறுவதாகத் தோன்றிற்று. ஒவ்வொருவராகப் பாடச்செய்தோம். ஒரு சிறுவன் ‘ஓசன்னா’ என்பதற்குப் பதிலாக ‘ஓ சின்னா’ என்று உருக்கமாகப் பாடிக்கொண்டிருந்தான். எவ்வளவு காலமாக என்று கேட்டோம். “எப்பவுமே இப்படித்தான் பாடுதேன் சாமி” என்றான். அதன் பொருள் என்ன என்று கேட்டதற்குச் சற்றும் தயங்காமல், “இயேசு சாமி எருசலேமுக்கு வந்தப்போ சின்னப் பிள்ளைகள்தானே கத்திச்சு? அவங்களைச் சாமி கூப்பிடுதாங்க, ஓ சின்னா, வான்னு” என்றான். சிரிப்பை அடக்கிக்கொண்டோம். கோயிலில் சிறுபிள்ளைகள் ஆர்ப்பரித்ததையும், தலைமைக் குருக்கள் சினந்ததையும், ஆண்டவர் அப்பிள்ளைகளின் பக்கம் நின்று பேசியதையும் மத்தேயு நற்செய்தியில் காண்கிறோம். ஆகவே சிறுவனின் விளக்கம் முற்றும் பிழையென்று சொல்வதற்கில்லை. ஆயினும் உண்மைப் பொருளைச் சொல்லிக்கொடுத்தோம். ஓசன்னா எபிரேயச் சொல். ‘எங்களைக் காப்பாற்றும்’ என்னும் வேண்டுதலாய்ப் பிறந்து, பின்பு வாழ்த்தொலியாக மாறியது என்றோம். சிறுவன் யோசித்தான். “அப்போ இது பாட்டு இல்ல சாமி, கூப்பாடு” என்றான்.

சொற்பிழைக்காகப் பிள்ளைகளைக் கடிந்துகொள்ள நமக்கு மனம் வரவில்லை. நமக்கு முன் இதே ஆற்றங்கரைக்கும் கடற்கரைக்கும் பாட்டு வாத்தியாராக வந்தவர் ஒருவர் உண்டு. அவரும் பதிலாள்தான், மேய்ப்பரின்றி இருந்த மக்களிடம் வந்தவர். 1542ஆம் ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார், கையில் மணியை அடித்துக்கொண்டு தெருத்தெருவாய் நடந்து பிள்ளைகளைச் சேர்த்து, தமிழில் பெயர்க்கச் செய்த செபங்களை அவர்களோடு உரக்கச் சொல்லிப் பழக்கினார். அவருக்குத் தமிழ் தெரியாது. மனப்பாடம் செய்துகொண்டதே அவர் தமிழ். விசுவாசப் பிரமாணத்தில் ‘விசுவசிக்கிறேன்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்னும் சொல் புகுந்திருந்தது. ஏறக்குறைய ஓராண்டுக்கும் மேலாக மக்கள் அவ்வாறே சொல்லி வந்தனர். பிழையை உணர்ந்த புனிதர், 1544ஆம் ஆண்டு தம் தோழர் மன்சிலாசுக்கு எழுதிய கடிதத்தில் அதைத் திருத்திச் சொல்லிக்கொடுக்கும்படி பணித்தார். ‘கடவுளை விசுவசிக்கிறேன்’ என்பதற்கு மாறாகக் ‘கடவுள் எனக்கு வேணும்’ என்று ஒரு தலைமுறை தன் விசுவாசத்தைத் தொடங்கிற்று! அதையும் ஆண்டவர் ஏற்றுக்கொண்டார் என்பதற்கு இக்கரையின் ஆலயங்கள் சாட்சி. அப்புனிதரின் திருநாளாகிய டிசம்பர் 3 அவ்வாண்டு திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறாகவே வந்தது. அவரை நினைத்துக்கொண்டுதான் நாம் ஆர்மோனியத்தின் கொக்கியைக் கழற்றக் கற்றோம்.

இதுவரை சொன்னவை சிரிப்பதற்கு உரியவை. இனிச் சொல்வது அவ்வாறன்று.

குழுவில் ஒன்பதாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் இருந்தான். தந்தை வாழைத்தோட்டங்களில் தார் சுமப்பவர். சிறுவயது முதல் பாடுகிறவன். ஒத்திகைக்கு ஒருநாளும் தவறாதவன். அவனுக்கு அப்போது மகரக்கட்டுப் பருவம். இப்பருவத்தில் ஆண்பிள்ளைகளுக்குக் குரல்வளை வளர்ந்து, குரல்நாண்கள் நீண்டு தடிக்கின்றன. குரல் ஒரு நொடி கீழே விழும், மறுநொடி கீச்சிடும். இது நோயன்று, சில மாதங்களில் தானே நிலைபெறும். இவை யாவும் நமக்குத் தெரியும். ஆயினும் டிசம்பர் இரண்டாம் வாரம் ஒருநாள், வானவர் கீதத்தின் உச்சியில் அவன் குரல் உடைந்து கிறீச்சிட, பிள்ளைகள் அனைவரும் சிரித்துப் பாட்டே நின்றுபோயிற்று. மூன்றுமுறை தொடங்கினோம், மூன்றுமுறையும் அவ்வாறே. திருவிழாவுக்கு நாளில்லை என்னும் பதற்றம் நமக்கு. “தம்பி, நீ வாயை மட்டும் அசை” என்றோம்.

பிள்ளைகள் சிரித்தனர். அவனும் சிரித்தான். வகுப்பு நன்றாகவே நடந்தது. சொல்லிய சொல் எங்கே கேட்ட சொல் என்பதை அன்றிரவு செபமாலை சொல்லும்போதுதான் உணர்ந்தோம். நாளை அவனிடம் பேசலாம் என்று எண்ணினோம். நாளை வந்தது, நாம் பேசவில்லை. அவன் கடைசி வரிசையில் நின்று, சொன்னபடி வாயை அசைத்துக்கொண்டிருந்தான். பாட்டு இடறவில்லை. அது நமக்கு வசதியாய் இருந்தது. உண்மை அதுவே.

டிசம்பர் 17, ஞாயிறு. ‘மகிழுங்கள்’ என்று திருச்சபை அழைக்கும் திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு. இளஞ்சிவப்புத் திருவுடை அணிந்து பலிபீடத்துக்கு ஏறும்போதே மழை பிடித்துக்கொண்டது. பிறகு அது விடவேயில்லை. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். ஓராண்டு முழுவதும் பெய்யவேண்டியதற்கும் மிகுதியான மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு வண்டி நூற்றுக்கணக்கான பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்திலேயே நின்றுபோயிற்று. தாமிரபரணி கரை கடந்தது. ஏரல் பாலத்தோடு சேரும் சாலை அறுந்தது. கடைவீதிக்குள் ஆறு புகுந்து, வியாபாரிகளின் பல்லாண்டு உழைப்பை ஓரிரவில் சேறாக்கிற்று. மின்சாரம் போயிற்று, கைப்பேசிகளும் ஒவ்வொன்றாய் அணைந்தன. தலைமுறை தலைமுறையாய் நெல்லும் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் தந்து நம்மை வளர்த்த ஆறு அது. அதன் அந்த முகத்தை நாம் முன்பு கண்டதில்லை.

ஆலயத்துக்குள் இருக்கை உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. பங்கு இல்லத்தின் மாடி ஒன்றே அப்பகுதியில் மேடு. எல்லாச் சமயத்துக் குடும்பங்களும் அங்கே ஏறி வந்தன. கோவில்பிள்ளை ஒரு மூட்டை அரிசியைத் தலையில் சுமந்து மாடிக்குக் கொண்டுவந்திருந்தார்; அதனால் கஞ்சிக்குக் குறைவில்லை. விளக்குக்குத்தான் வழியில்லை. திங்கள் இரவு ஆலயத்துக்குள் நீந்தாத குறையாய்ச் சென்று, திருவருகை வளையத்திலிருந்த நான்கு மெழுகுதிரிகளையும் எடுத்து வந்தோம். மூன்றை ஏற்றி, நான்காவதை ஏற்றப் போனபோது ஒரு சிறுகை நம் கையைப் பிடித்தது. முறுக்கு இறையியல் சொன்ன அதே சிறுமி. “சாமி, அது அடுத்த ஞாயிறு ஏத்தவேண்டியதுல்லா!” என்றாள். சுற்றிலும் வெள்ளம், வீட்டில் முறுக்கு டின் மிதந்து போயிருக்கும், ஆனால் திருவழிபாட்டு ஒழுங்கு குலையலாகாது. நான்காம் திரியை அங்கியின் பைக்குள் வைத்துக்கொண்டோம்.

நள்ளிரவு கடந்திருக்கும். கீழ்ப்படிகளில் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, கையில் திரியோடு மாடிப்படி ஏறினோம். இருளில் ஒரு பாட்டுக் கேட்டது. ‘தூயவர்’. தாழ்ந்த, கரகரத்த, ஆயினும் சுதி விலகாத ஒரு குரல். அதன்மேல் ஏறி நிற்பதுபோல் நான்கைந்து சிறுகுரல்கள் மேல்ஸ்தாயியில். ஆர்மோனியம் இல்லை, மாஸ்டர் இல்லை, நாம் இல்லை. நம் காதால் கேட்ட நாள் முதல் அந்தக் குழு அவ்வளவு ஒழுங்காகப் பாடியதில்லை. திரி வெளிச்சம் மாடியில் விழுந்தது. அச்சிறுவன் சுவரோரம் சாய்ந்து, நான்கு வயதுத் தங்கையை மடியில் கிடத்தித் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தான். உச்சிக்குப் போக முடியாத குரல், தானே ஒரு ஸ்தாயி கீழே இறங்கித் தன் இடத்தைக் கண்டுகொண்டிருந்தது. அதைத் தூணாகப் பற்றிக்கொண்டு மற்றப் பிள்ளைகள் பாடினர்.

அவன் நம்மைக் கண்டான். உடனே குரல் நின்றது. உதடுகள் மட்டும் தொடர்ந்து அசைந்தன.

நேயர்களே, முப்பது ஆண்டுகளாக எத்தனையோ பாவசங்கீர்த்தனங்களைக் கேட்டிருக்கிறோம். நம் பாவத்தை நம் கண்முன்னே அவ்வளவு தெளிவாக ஒருவரும் காட்டியதில்லை. கோபமில்லை, குத்தலில்லை, சாமி சொன்னதற்குக் கீழ்ப்படிகிறான், அவ்வளவே.

அவன் அருகே ஈரத்தரையில் அமர்ந்தோம். “அன்னைக்குச் சொன்னது தப்பு ராசா. மன்னிச்சிரு. பாடு” என்றோம். அவன் கூச்சத்தோடு, “பரவாயில்ல சாமி. வாயை அசைச்சாலும் பாட்டு உள்ள ஓடத்தான் செய்யுது” என்றான். பிறகு தங்கையைப் பார்த்து, “ஆனா, இவளுக்குக் கேக்க மாட்டேங்குது” என்றான்.

அதற்குமேல் நாம் ஒன்றும் சொல்லவில்லை. அவன் பாடினான். மற்றவர்களும் சேர்ந்தனர். மூலையில் போர்வைக்குள் முடங்கியிருந்த, நம் சமயத்தைச் சாராத அயல்வீட்டு மூதாட்டி ஒருவர் தலையை நீட்டி, “அதென்ன சாமி, ஓசன்னா ஓசன்னாங்குதுக?” என்று கேட்டார். நாம் வாய் திறக்குமுன், ‘ஓ சின்னா’ச் சிறுவன் முந்திக்கொண்டான். “காப்பாத்துங்கன்னு அர்த்தம் ஆச்சி” என்றான். ஆச்சி ஒரு கணம் வெளியே தண்ணீரின் இரைச்சலைக் கேட்டார். “அப்போ இன்னும் சத்தமாப் பாடுங்க பிள்ளைகளா” என்றார்.

மறுநாள் டிசம்பர் 19. நாற்காலி ஒன்றைப் பலிபீடமாக்கி மாடியில் திருப்பலி நிறைவேற்றினோம். அந்நாளுக்குத் திருச்சபை குறித்துள்ள நற்செய்தி, செக்கரியா நாவடங்கி ஊமையான பகுதி. வாசித்துக்கொண்டே வந்த நமக்குக் குரல் தடுமாறிற்று. செக்கரியாவின் வாயைக் கட்டியவர் கபிரியேல் தூதர். அவருக்கு மேலிடத்துக் கட்டளை இருந்தது. சிறுவனின் வாயைக் கட்டிய நமக்கு எந்தக் கட்டளை இருந்தது? செக்கரியாவின் மகனாகிய திருமுழுக்கு யோவானின் விழாவுக்கு உரிய பழைய இலத்தீன் கீதம் ஒன்றுண்டு. தொண்டர் நாவின் கட்டு அவிழவேண்டும் என்று மன்றாடும் கீதம் அது. பதினோராம் நூற்றாண்டில் அரெத்சோ நகர்த் துறவி குய்தோ, தம்மிடம் பாடப் பயின்ற சிறுவருக்கு எளிதாக இருக்கும்பொருட்டு, அக்கீதத்தின் அடிகள் தொடங்கும் அசைகளையே சுரங்களின் பெயர்களாக்கினார். மேனாட்டார் இன்றும் பாடும் ‘ரே, மி, ஃபா’ அங்கே பிறந்தவை. அடைபட்ட வாய் திறக்கவேண்டும் என்னும் செபத்திலிருந்தே சுரங்களின் பெயர்கள் வந்தன என்பதைக் குருமடத்தில் தேர்வுக்காகப் படித்தோம். ஏரல் மாடியில்தான் புரிந்துகொண்டோம்.

பிறகு உதவி வந்தது. கடற்கரை ஊர்களின் மீனவச் சகோதரர்கள் தங்கள் படகுகளோடு வெள்ளத்துக்குள் வந்தனர். ஹெலிகாப்டரிலிருந்து உணவுப் பொட்டலங்கள் விழுந்தன. தண்ணீர் வடிந்தது, சேறு நின்றது. பங்கு மக்கள் அனைவரும் சேர்ந்து நான்கு நாள் வாளியும் மண்வெட்டியுமாய் ஆலயத்தைக் கழுவினர். ஆர்மோனியத்தின் துருத்தி பசை விட்டுப் பிரிந்து பழைய செருப்புப்போல் வாயைப் பிளந்திருந்தது. பாடற்புத்தகங்கள் களிமண்ணாகிவிட்டன. அந்த ஞாயிறன்று, பைக்குள் நசுங்கிக் கிடந்த நான்காம் திரியை உரிய முறைப்படி அச்சிறுமியே ஏற்றினாள்.

கிறிஸ்து பிறப்பு இரவு. பிள்ளைகளுக்குப் புத்தாடை இல்லை. பலருக்கு மாற்றுடையே இரவல். வாத்தியமில்லை, புத்தகமில்லை. சுதி கொடுக்க யார்? நாம் அச்சிறுவனைப் பார்த்தோம். அவன் தாழ்ந்த குரலில் சுதி எடுத்துக் கொடுத்தான். வானவர் கீதம் எழுந்தது. நடுவே அவன் குரல் ஒருமுறை உடைந்து கிறீச்சிட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை, அவன்தான் சிரித்தான், சிரித்துக்கொண்டே பாடினான். பிறகு நம் முறை வந்தது. தொடக்கவுரையின் ஏட்டைத் திறந்தோம். வாசிக்கப் போன வாய், என்ன துணிச்சலோ, பாடத் தொடங்கிற்று. முப்பது ஆண்டில் முதன்முறை. பீடச்சிறுவன் திடுக்கிட்டு நிமிர்ந்து பார்த்தான்.

சனவரியில் மாஸ்டர் திரும்பி வந்தார். பிள்ளைகளைப் பாடச்செய்து கண்மூடிக் கேட்டார். “கட்டை கொஞ்சம் இறங்கியிருக்கு. ஆனா அடியில ஒரு கனம் வந்திருக்கே, எப்படி?” என்றார். பிள்ளைகள் அச்சிறுவனைக் காட்டினர். விடைபெறும்போது அவர்கள் நமக்கு நன்றியுரை நிகழ்த்தினர். மாஸ்டரின் வலக்கையாகிய பெண் எழுதிப் படித்தாள். நாம் பொறுமையுள்ளவர், அன்புள்ளவர், கடலைமிட்டாய் தவறாமல் தந்தவர் என்றெல்லாம் இருந்தது. பாட்டைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. உண்மை பேசும் பிள்ளைகள்!

அன்புள்ள பெற்றோரே, ஆசிரியரே, உடன்பிறந்த குருக்களே, நம் வீடுகளிலும் பள்ளிகளிலும் ‘உனக்கு இது வராது, நீ சும்மா இரு’ என்று எவ்வளவு எளிதாகச் சொல்லிவிடுகிறோம்! பெரும்பாலும் தீய எண்ணத்தால் அன்று. நேரமில்லாத பதற்றத்தால், மானம் போகக்கூடாது என்னும் கவலையால். கேட்ட பிள்ளை அழுவதில்லை. நம்மோடு சேர்ந்து சிரிக்கும். பிறகு நெடுங்காலம் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருக்கும். படிப்பிலும், செபத்திலும், நாளை தன் குடும்பத்திலும். அதற்கு யாரும் கேட்காத ஒரு குரல் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்தில் இருக்கும் தங்கைக்கோ கேட்காது. அப்படிப்பட்ட பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், தயவுசெய்து இன்றே அருகில் அமருங்கள். மன்னிப்புக் கேட்பதால் தந்தையின் மதிப்போ குருவின் மதிப்போ குறைவதில்லை என்பதை அனுபவத்தால் சொல்கிறோம்.

அச்சிறுவனின் மகரக்கட்டு நீங்கிக் குரல் நிலைபெற்றுவிட்டது. ஞாயிறுதோறும் பாடகர் வரிசையின் கோடியில் நின்று அவன்தான் தாழ்ந்த சுதியைப் பிடிக்கிறான். பலிபீடத்திலிருந்து நாமும் பாடுகிறோம். சில நேரம் கட்டை கூடிப் போய்விடுகிறது. அப்போது அவன் கையைச் சற்றே கீழே காட்டுவான். நாம் இறங்கி வந்துவிடுவோம்.